அந்தப் பள்ளிக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

ஆலோசனை கேட்டு எனக்கு வந்த கடிதம் எட்டுப் பக்கம். கையால் எழுதியது. எல்லாப் பக்கத்திலும் பென்சிலால் மார்ஜின் போட்டு, முக்கியமான சொற்களுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருக்கிறார். எழுதியவருக்கு 34 வயது. பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பிளஸ் டூ பரீட்சை எழுதி 17 வருடம் ஆகிவிட்டது. கடிதம் இன்னமும் விடைத்தாள் போலவே இருக்கிறது. படிக்கத் தொடங்கும் முன்பே பாதி விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது.

மீதியைச் சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி. அண்ணன் பத்தாவதோடு நின்று லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். இவர் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பத்தாவதில் 500-க்கு 462 எடுத்தார். அந்த மார்க் ஷீட்டைப் பார்த்து நாமக்கல் பக்கம் ஒரு தனியார் விடுதிப் பள்ளி பாதிக் கட்டணத்தில் சேர்த்துக்கொண்டது. மீதிப் பாதிக்கு இரண்டு எருமைகள் போயின. அண்ணனின் பேட்டா காசும் போனது.

2007 முதல் 2009 வரை அங்கே. காலை 4.45-க்கு மணி, இரவு 10.30 வரை ஸ்டடி. பிளஸ் ஒன் புத்தகங்களைக் கையில் கொடுத்ததோடு சரி. ஆகஸ்ட் மாதமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் ஸ்லிப் டெஸ்ட். 20-க்கு எத்தனை குறைகிறதோ அத்தனை அடி, உள்ளங்கையில். பெரும்பாலும் அடித்தவர் வேதியியல் ஆசிரியர். பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இவருக்கு டைபாய்டு வந்தது. இரவு பதினோரு மணிக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லின் பின்னால் உட்காரவைத்து, மயக்கத்தில் விழுந்துவிடாமல் இருக்கத் தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அதே ஆசிரியர்தான். மூன்று ராத்திரி கூடவே இருந்தார். கஞ்சி அவர் வீட்டிலிருந்து வந்தது.

பிளஸ் டூவில் மொத்தம் 1200-க்கு 1132. பொறியியல் கட் ஆஃப் 200-க்கு 194.25. கோயம்புத்தூரில் நல்ல பொறியியல் கல்லூரி கிடைத்தது. முதல் செமஸ்டரிலேயே மூன்று அரியர், வீட்டுக்குச் சொல்லவில்லை. தூத்துக்குடிப் பக்கத்து அறைத்தோழர் ஒருவர் சொல்லிக்கொடுத்து, ஆறாவது செமஸ்டரில்தான் எல்லாவற்றையும் முடித்தார். அந்த வருடங்களை "நான் வாய்விட்டுச் சிரித்த நாலு வருஷம்" என்று ஒரு வரியில் எழுதுகிறார். அடுத்த வரி: "அப்பா வட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நான் காந்திபுரத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்." அப்பா இப்போது இல்லை.

இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து நிற்கின்றன. வேதியியல் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு விழா எடுக்கிறது. நன்றியுரையை இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். பத்தாவதில் 471 எடுத்திருக்கும் அண்ணன் மகனை அதே பள்ளியில் சேர்க்க அண்ணன் முடிவு செய்துவிட்டார். பணம் இவர் தர வேண்டும். தயங்கியதற்கு அண்ணன் கேட்டது: "உன்ன ஆளாக்குன பள்ளிக்கூடம் எம் மவனுக்கு மட்டும் ஆகாதா?"

"நான் நன்றி கெட்டவனா? அந்த அடி இல்லாவிட்டால் நானும் லாரியில்தான் இருந்திருப்பேனா? அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறாத நான் மேடையில் என்ன பேசுவது? அண்ணனுக்கு என்ன சொல்வது?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

'நன்றி கெட்டவன்' என்ற சொல்லுக்கு மூன்று இடங்களில் கோடு இழுத்திருக்கிறீர்கள். நம் ஊரில் இதைவிடக் கனமான வசை குறைவு. திருடன் என்றால்கூட வக்காலத்து வாங்க ஆள் வரும். நன்றி மறந்தவன் என்றால் யாரும் வர மாட்டார்கள். அதனால்தான் அடியைப் பற்றி ஒரு வரி எழுதியதும் கஞ்சியைப் பற்றி இரண்டு வரி எழுதிச் சமன் செய்கிறீர்கள். கஞ்சியைப் பற்றி எழுதியதும் கை வலி ஞாபகம் வந்து கோபப்படுகிறீர்கள். எட்டுப் பக்கமும் இப்படியே போகிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள். நினை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பாதியை மட்டும் நினை என்று சொல்லவில்லை. துண்டால் கட்டிக்கொண்டு போன இரவும் உண்மை, வீங்கிய கையோடு தூங்கிய இரவுகளும் உண்மை. ஒருவரே இரண்டையும் செய்தார். உங்களுக்கு வேண்டியவர்களிடம் இதைச் சொல்லும்போது 'ஆனால்' போட்டு இணைக்காமல் சொல்லிப் பாருங்கள். "அவர் என்னை அடித்தார். அவர் என்னைக் காப்பாற்றினார்." ஆலோசனைக்கு என் அறைக்கு வருபவர்களிடம் இதைச் செய்யச் சொல்வேன். இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தை அழிக்க வேண்டிய வேலை அப்போது இல்லாமல் போகிறது. முதல் தடவை நாக்கு கொஞ்சம் தடுக்கும்.

462 எப்போது வந்தது?

கடிதத்தில் 1132-க்கு இரண்டு கோடு இழுத்திருக்கிறீர்கள். 462-க்குக் கோடே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமான எண். முதல் அடி விழுவதற்கு முன்னால் வந்த மார்க் அது. வீட்டில் தனி அறை கிடையாது, டியூஷன் கிடையாது, எருமைக்குத் தண்ணி காட்டிவிட்டுப் படித்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் அப்போது பேர்போன வழக்கம் ஒன்று இருந்தது: பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளைச் சலுகை கொடுத்து இழுப்பார்கள், பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அவர்கள் படத்தை பேனரில் போடுவார்கள். மாநில ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியதே 2017-இல்தான். உங்களுக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி செய்தது தர்மம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதலீடு என்று நான் சொல்வேன்.

அந்தப் பள்ளி ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல வரவில்லை. 2008-இல் ஊரெல்லாம் மின்வெட்டு. அங்கே ஜெனரேட்டர் ஓடியது. மூன்று வேளை சோறு. சந்தேகம் கேட்டால் இரவு பத்து மணிக்கும் ஆசிரியர் இருந்தார். முக்கியமாக, ஸ்லிப் டெஸ்ட். படித்ததைச் சின்னச் சின்னத் தேர்வாக எழுதிப் பார்த்தால் நினைவில் நன்றாகத் தங்கும் என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதி செய்த விஷயம். உங்கள் விஷயத்திலும் ஸ்லிப் டெஸ்ட் தன் வேலையைச் செய்தது. கூடவே வந்த பிரம்பு பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

பிரம்பு செய்த வேலை எது என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. மேனேஜர் "ஒரு நிமிஷம் வாங்க" என்றால் உள்ளங்கை வியர்க்கிறது. ஒரு மெயிலை அனுப்பும் முன் நாலு தடவை படிக்கிறீர்கள். மாதத்தில் ஒரு நாளாவது, வேதியியல் தேர்வறையில் பேனா இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கனவு. (தேர்வுக் கனவு மட்டும் என்றால் கவலைப்பட மாட்டேன், அடியே வாங்காதவர்களுக்கும் ஐம்பது வயதில் வருகிறது. எனக்கும் வரும். எனக்குக் கணக்கு.) பயம் ஒரு பிள்ளையை மேசை முன்னால் உட்கார வைக்கும். உட்கார்ந்த பிறகு படிப்பது பிள்ளையின் மூளை, அதன் ஆர்வம், அதன் பழக்கம். அந்த மூன்றும் 462-லேயே உங்களிடம் இருந்தன.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அடித்தார்கள், சட்டமும் அப்படித்தான் இருந்தது" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அடித்தார்கள் என்பது சரி. சட்டம் பற்றியது சரியில்லை. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் உடல் தண்டனை 2003-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. நீங்கள் கை நீட்டி நின்ற ஒவ்வொரு நாளும் அது விதிமீறல்.

"குழுவில் உள்ள 61 பேரும் சந்தோஷமாகத்தான் பேசுகிறார்கள், எனக்கு மட்டும்தான் கோளாறு" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழுவில் யார் இல்லை என்று பாருங்கள். உங்களோடு ஒரே வாளியைப் பங்குபோட்டுக் குளித்த நண்பர், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் சுவர் ஏறிக் குதித்துப் போனவர், குழுவில் இல்லை. அவர் நம்பரே யாரிடமும் இல்லை என்கிறீர்கள். பாஸானவர்கள் சேர்ந்து நடத்தும் குழுவில் பள்ளியைப் பற்றி நல்ல பேச்சுத்தான் இருக்கும். இருப்பவர்களும் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். பழைய அடியைச் சொல்லிச் சிரிப்பவர்கள் எல்லோருக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்கள் கூடிய இடத்தில் வலியைச் சொல்ல நமக்குத் தெரிந்த ஒரே வழி அது.

போகிற போக்கில் ஒன்று. உங்களை நீங்களே 'பிராய்லர் கோழி' என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டைக்குப் பேர்போன ஊர் என்பதால் அந்தப் பள்ளிகளுக்கு ஒட்டிக்கொண்ட கேலி அது. எனக்குப் பிடிக்காத கேலி. பண்ணை வைத்தவர்களை விட்டுவிட்டு அடைபட்ட பிள்ளைகளைத்தான் அது கோழி என்கிறது.

அந்த நாலு வருடம்

முதல் செமஸ்டரில் எம்-1 கணக்குத் தாளில் போனதற்கு "கல்லூரிக்குப் போனதும் திமிர் ஏறிவிட்டது" என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். தூத்துக்குடி நண்பர் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் எதை எடுத்தார்? பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் தன் தங்கையின் புத்தகத்தைக் கொண்டுவந்தார் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் புரட்டியே பார்க்காத புத்தகம் அது. பொறியியல் முதலாண்டுக் கணக்கு நிற்பதே அதன் மேல்தான். பிளஸ் ஒன் பாடத்தைப் பள்ளிகள் நடத்தாமல் விடுவதும், அதனால் பிள்ளைகள் கல்லூரி முதலாண்டில் தடுமாறுவதும் ஊரறிந்த விஷயமான பிறகுதான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருடம் மணி அடித்துத்தான் எழுந்தீர்கள், மணி அடித்துத்தான் படித்தீர்கள், மணி அடித்துத்தான் சாப்பிட்டீர்கள். கல்லூரி விடுதியில் மணி கிடையாது. 17 வயதில் திடீரென்று மணியே இல்லாத இடத்தில் விட்டால் பிள்ளை என்ன செய்யும்? காந்திபுரத்துக்குப் போகும். படம் பார்க்கும். ராத்திரிக் கடையில் காளான் சாப்பிடும். உங்கள் வயதுக்குரிய இரண்டு வருடத்தைத் தாமதமாக வாழ்ந்தீர்கள், அவ்வளவுதான்.

அப்பா விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவரை நான் அறியேன். ஆனால் கடிதத்தில் ஒரு காட்சி இருக்கிறது. இரண்டாம் வருடம் அப்பா விடுதிக்கு வந்தபோது, அறையில் உங்கள் நண்பர்கள் ஏதோ சொல்லி நீங்கள் விழுந்து விழுந்து சிரித்ததை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், உள்ளே வரவில்லை. "பணத்தை இப்படி வீணடிக்கிறான் என்று நினைத்திருப்பார்" என்று அதற்கு நீங்களே அர்த்தம் எழுதிவிட்டீர்கள். விடுதிப் பள்ளியில் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து ஒரு தடவைகூட நீங்கள் சிரித்துப் பார்க்காத மனிதர் அவர். வாசலில் அவர் ஏன் நின்றார் என்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக, துலக்கமாக நினைவில் நிற்கும். மனித மூளையின் வாகு அது. அதனால் பள்ளி, கல்லூரி வருடங்கள் எல்லோருக்குமே இருந்ததைவிடப் பெரிதாகத் தெரியும். நல்லதும் பெரிது, கெட்டதும் பெரிது. உங்களுக்கு இரண்டும் அடுத்தடுத்து வந்ததால் குழப்பமும் பெரிது.

அண்ணன் மகனுக்கு

அண்ணனிடம் "அந்தப் பள்ளி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், ஏறிய ஏணியை நீங்கள் எட்டி உதைப்பதாகத்தான் அவருக்குப் படும். அவர் படிப்பை விட்டு லாரி ஏறியதால் நீங்கள் படித்தீர்கள். அவரைப் பொறுத்தவரை அந்தப் பள்ளி அவர் காசு போட்ட கோயில். அதைக் குறை சொன்னால் அவர் தியாகத்தைக் குறை சொன்ன மாதிரி ஆகும். அதனால் பள்ளியை விட்டுவிட்டு முதலில் அவரைப் பற்றிப் பேசுங்கள். அவர் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று இந்த 17 வருடத்தில் ஒரு தடவையாவது வாய் திறந்து சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி ஒன்றும் காணோம்.

பிறகு கணக்குப் பேசலாம். 2007-இல் உங்கள் அப்பாவுக்கு இருந்த வழிகளும் இன்று அண்ணனுக்கு இருக்கும் வழிகளும் ஒன்றல்ல. பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லிருந்தும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லிருந்தும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இப்போது பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை என்ற நிபந்தனை உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமைக்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும். ஆங்கில வழிக்கு மாறினால் அதுவும் போகும். நீங்கள் பள்ளியில் படித்தபோது இவற்றில் ஒன்றும் கிடையாது. விடுதியோடு சேர்ந்த படிப்புத்தான் வேண்டும் என்றால் மாவட்டந்தோறும் அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. 471 எடுத்த பையனுக்கு அங்கே இடம் கேட்டுப் பார்க்கலாம். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அண்ணன் கையில் கொடுங்கள். பிரம்பைப் பற்றிய பேச்சைவிட இந்தத் தாள் அவரிடம் வேகமாக வேலை செய்யும் என்பது என் அனுபவம்.

அப்படியும் அந்தப் பள்ளிதான் என்றால், பணம் தருவதற்கு முன் அண்ணனோடும் பையனோடும் நேரில் போங்கள். விசிட்டிங் ஞாயிறாக இல்லாமல் வாரநாளாக இருக்கட்டும். கழிப்பறையைப் பாருங்கள். பிளஸ் ஒன் மாணவன் ஒருவனிடம் இயற்பியலில் எந்தப் பாடம் நடக்கிறது என்று கேளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பழைய பழக்கம் திரும்ப இது ஒரு வாய்ப்பு. எந்த நாளில் பையன் வீட்டுக்குப் பேசலாம், பக்கத்தில் வார்டன் நிற்பாரா என்று கேளுங்கள். இடையில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். டி.சி.யைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருப்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடி விழுந்தால் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் தடை 14 வயது வரைதான் என்று யாராவது சொல்வார்கள். 18 வயது வரை குழந்தைதான் என்று சொல்லும் இளைஞர் நீதிச் சட்டம், 2015 இருக்கிறது. தங்கள் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் அதன் 75-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவர் என்றால் ஐந்து ஆண்டு வரை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். பள்ளிக்கல்வித் துறைக்கு 14417. இந்த இரண்டு எண்களும் பையனுக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பையன் என்ன நினைக்கிறான் என்று எட்டுப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. அவனைத் தனியாக ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போய்க் கேளுங்கள். உங்கள் கதையைச் சொல்லி அவனைப் பயமுறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

மேடையும் வாட்ஸ்அப்பும்

விழாவுக்குப் போயே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. போகாமல் இருப்பது கோழைத்தனமும் இல்லை. போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரலாம். நன்றியுரையை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். பேசுவது என்று முடிவெடுத்தால், நடந்ததை மட்டும் பேசுங்கள்: அந்த டைபாய்டு இரவு, துண்டு, கஞ்சி. "இன்று நான் நிற்பதற்கு உங்கள் பிரம்புதான் காரணம்" என்ற வரி மட்டும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். எதிரே பத்து இருபது இளம் ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அது அனுமதிச் சீட்டு.

கோபத்தை மேடையில் சொல்லலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அவரைக் காப்பாற்றுவதற்காக இல்லை. கூட்டம் அவர் பக்கம் நிற்கும், நீங்கள் தனியாகிவிடுவீர்கள், வந்த வேலையும் நடக்காது. சொல்லத்தான் வேண்டும் என்றால் விழா முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போங்கள். "சார், உங்களை மறக்கவில்லை. கை வலித்ததையும் மறக்கவில்லை" என்று சொல்லலாம். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கண் கலங்கலாம். "அடிக்காமல் விட்டிருந்தால் நீ வந்திருப்பியாடா?" என்று சிரிக்கலாம். இரண்டுக்கும் தயாராக இருந்தால் போங்கள். இரண்டாவதைத் தாங்க முடியாது என்று தோன்றினால், அவருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போட்டுச் சமூக ஊடகத்தில் எழுதும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவதூறு இன்றைக்கும் குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. உண்மையைத்தான் சொன்னேன் என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டியிருக்கும். 2008-இல் நடந்த அடிக்கு இப்போது வழக்குப் போடுவதும், காலவரம்பைப் பார்த்தால், பெரும்பாலும் நிற்காது. வழக்கில் இறங்கும் யோசனை இருந்தால் வக்கீலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இப்போதும் அங்கே பிள்ளைகள் அடிவாங்குகிறார்கள் என்று நம்பகமாகத் தெரிந்தால் கதையே வேறு. அப்போது பதிவு போடுவதைவிட 1098 நல்லது.

அம்மாவிடம்

ஏழாம் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். விசிட்டிங் ஞாயிறு. பள்ளி வளாகத்தில் வேப்பமரத்தடி. அம்மா தூக்குவாளியில் கறிக்குழம்பும் சோறும் கொண்டுவந்திருக்கிறார். வலது உள்ளங்கை வீங்கியிருக்கிறது. பிசைந்து சாப்பிட முடியாது. "ஊட்டி விடும்மா" என்று கேட்டீர்கள். "பன்னண்டாவது படிக்கிற பையன் பேச்சப் பாரு" என்று சிரித்துக்கொண்டே அம்மா ஊட்டிவிட்டார். கையை மடிக்கடியில் வைத்துக்கொண்டீர்கள். பஸ் ஏறும்போது அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டுவிட்டுப் போனாள்" என்று எழுதி, அதற்குக் கீழே கோடு இழுத்திருக்கிறீர்கள். பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

ஆசிரியர் மேல் உள்ள கோபத்தைவிட இதுதான் உங்களை அந்த பஸ்ஸில் ஏறவிடாமல் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருந்திருக்கலாம், நீங்கள் மறைத்தீர்கள், அதுவும் நன்றாகவே மறைத்தீர்கள். உயிரோடு இருக்கிறார், நினைவு நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். கேட்டுவிடுங்கள். போனில் வேண்டாம். ஊருக்குப் போய், அவர் ஏதாவது வேலையாக இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "ஏன் என்னை விட்டுட்டுப் போன?" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு ஊட்டிவிட்டியே, ஞாபகம் இருக்காம்மா?" என்று ஆரம்பியுங்கள்.

இதற்கெல்லாம் நடுவில், தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, கனவு விழித்திருக்கும்போதும் வந்தாலோ, உங்கள் நாலு வயது மகள் மேல் கை ஓங்கியது போல இன்னொரு தடவை நடந்தாலோ, பெங்களூரில் ஒரு மனநல நிபுணரை நேரில் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரத்திலும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். கடிதத்தில் அந்த ஒரு வரியை, கை ஓங்கியதை, அடைப்புக்குறிக்குள் சின்னதாக எழுதியிருந்தீர்கள். நான் அதைப் பெரிதாகத்தான் படித்தேன்.

நன்றியுரைக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். பள்ளிச் சேர்க்கையோ விழாவுக்கும் முன்னால் வருகிறது. குழுவில் "இன்னும் பத்து நாள் டைம் வேணும்" என்று இன்றைக்கே ஒரு வரி போட்டுவிட்டு, சனிக்கிழமை ஊருக்கு பஸ் ஏறுங்கள்.